அவள் சொல்வது

பொத்தானை அழுத்தினால் வண்டிக்குள் ஒருத்தி பேசுகிறாள்.
ஜப்பான்காரி.
கப்பலில் வந்த பழைய காரோடு சேர்ந்து வந்த குரல்.
நாலைந்து சொல், பிறகு டிங்கென்று ஒரு மணி.
மைனஸ் முப்பத்திரண்டில்,
உலான்பாத்தர் முழுக்கக் கரிப்புகை
கண்ணாடியில் அப்பிக் கிடக்கும் இருட்டில்
என்னோடு முதலில் பேசுகிறவள் அவள்தான்.
"சரிம்மா" என்பேன்,
மங்கோலியனில்.

டாக்ஸிக்கு வந்து இருபத்தாறு நாள்.
அதற்கு முன் சிமென்ட் கிடங்கில் பேரேடு எழுதினேன்.
கிடங்கை இழுத்து மூடினார்கள்.
எழுதுகிற கையை மூட முடியவில்லை.
இருக்கைக்கு அடியில் ஒரு நோட்டு இருக்கிறது.

நேற்று வரவு ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் துக்ரிக்.
லட்சம் என்றதும் யாரும் வாயைப் பிளக்க வேண்டாம்.
அறுபது, வண்டிக்குச் சொந்தக்காரி தவாசுரெனுக்கு.
முப்பத்தெட்டைப் பெட்ரோல் குடித்தது.
கரி படிந்த கதவைத் தொடமாட்டேன் என்று
வெள்ளைக் கோட்டுப் பெண்ணொருத்தி திரும்பிப் போனதால்
கழுவ ஒரு பத்து.
உப்புத் தேநீருக்கும் நாலு கறிக் கொழுக்கட்டைக்கும் பன்னிரண்டு.
மிச்சம் இருபத்திரண்டு.
அடுப்புக்கு மூன்று மூட்டை, ரொட்டி, மகளுக்குப் பஸ் காசு.
கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
அதுதான் கஷ்டம்.

இங்கே ஓடினால்தான் காசு, நின்றால் கிடையாது.
ஊரோ நிற்கிறது.
அமைதிச் சாலையில் நாற்பது நிமிடம்,
முந்நூறு மீட்டர்.
பின்னால் இருந்தவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
"நடந்தா சீக்கிரம் போயிடுவேன் தம்பி" என்று இறங்கினார்.
சொன்னபடியே போனார்.
வால்விளக்குகளுக்கு நடுவே சிறுத்துச் சிறுத்து
ஒரு புள்ளியாக என்னை முந்திப் போனார்.

ஸ்டியரிங் வலப்பக்கம்.
சாலையிலும் வலப்பக்கம்தான் போக வேண்டும்.
லாரியைத் தாண்டுவதென்றால்
பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும்:
"எதிர்ல ஏதாவது வருதா?"
பெயர்கூடத் தெரியாத ஆளின் "இல்ல"வை நம்பி
உயிரைக் கொஞ்சம் வெளியே நீட்டுகிறேன்,
நாளுக்கு ஐம்பது தடவை.
பேரேட்டில் இதற்குப் பத்தி கிடையாது.

செவ்வாய்க்கிழமை என் நம்பர் பலகைக்கு நகரத்தில் தடை.
வண்டி படுத்துக்கொள்ளும். வாடகை படுக்காது.
மனைவி பெயர் மியாக்மர்.
செவ்வாய் என்றே பொருள்.
"நஷ்டக் கணக்குல என் பேரையே எழுதிக்கோ"
என்றாள், மாவு ஒட்டிய கையோடு.
சிரித்துக்கொண்டு சொன்னாளா என்று
நிமிர்ந்து பார்க்கவில்லை.

நேற்றிரவுதான், பல்கலைக்கழக வாசலில்,
பெட்ரோலை மிச்சம்பிடிக்க வண்டியை அணைத்துவிட்டு
விறைத்துக்கொண்டு காத்திருந்தேன்.
உயாங்கா என்று போனில் பெயர் வந்த பெண் ஏறினாள்.
யார்மாக் போக வேண்டும்.
பொத்தானை அழுத்தினேன்.
அவள் பேசினாள், இவள் சிரித்தாள்.

"என்ன சொல்லுதுன்னு தெரியுமாண்ணே?"

"போயிட்டு வாங்கன்னுதானே?"

"அட்டை செருகலைன்னு சொல்லுது.
அங்க சுங்கச் சாலைக்கு ஒரு அட்டை உண்டு.
அது இல்லையாம்."

யார்மாக் பாலம் வரை நான் பேசவில்லை.
இருபத்தாறு காலை.
தினமும் ஒருத்தி என்னிடம் இல்லாததைச் சொல்லியிருக்கிறாள்,
நான் தலையாட்டியிருக்கிறேன்.
எட்டாயிரத்து நானூறு.
நானூறைக் குறைக்கச் சொல்லாமல் அனுப்பிவிட்டு
இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள்.
அப்படிச் சாத்துகிறவர்கள் குறைவு.

இன்று காலையும் சொன்னாள். மணி அடித்தது.
"இல்லதான்" என்றேன்.
"நாளைக்கும் இருக்காது."

நாரன்தூல் சந்தை ஓரத்தில் ஒருவர் கையைத் தாழ்த்தி நிறுத்தினார்.
தோளில் அடுப்புக் குழாய், மீசையில் பனி.
குழாயைக் குறுக்கே நீட்டிவிட்டு
பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
முன்னால் ஒரு கரி லாரி நகராமல் உறுமியது.
நான் வாயைத் திறக்கும் முன்பே
அவர் ஜன்னல் பனியை முழங்கையால் துடைத்து
எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணும் வரல. போ."